செயலிக்கு முன் காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வெட்டும் குலைகளின் கணக்கைக் கைப்பேசிச் செயலிக்கு மாற்ற விரும்பும் குத்தகையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலக மேசையில் உருவான செயலி தோட்டத்தில் திணறும். ஈரக் கையுறையைத் திரை உணராது. பள்ளத்தில் இணையம் கிடைக்காது. நடுப்பகல் வெயிலில் சிறிய எழுத்து தெரியாது.

பயன்படுத்துவோரைக் கவனித்து, மாதிரி செய்து, சோதித்துத் திருத்தும் வடிவமைப்புச் சிந்தனை இங்குதான் கைகொடுக்கும். முதலில் மண்டோரும் (மேற்பார்வையாளர்) கிராணியும் (எழுத்தர்) கணக்கெழுதுவதை ஒரு முழுநாள் உடனிருந்து பாருங்கள். பிறகு சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "வெட்டுக்காரர் சொல்லும் எண்ணிக்கையும் மண்டோர் எழுதியதும் பொருந்தவில்லை." "செயலி வேண்டும்" என்று தொடங்கினால் உண்மையான சிக்கல் மறைந்துபோகும்.

அடுத்து, திரைகளைக் காகிதத்தில் வரைந்து ஐந்து பேரிடம் தனித்தனியே கொடுங்கள். பெரும்பாலான குறைகளைக் கண்டறிய ஐவர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். "இன்றைய குலைகளைப் பதியுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதீர்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே எல்லாரும் தலையாட்டுவார்கள், விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களைத் திருத்தி, வேறு ஐவரிடம் மீண்டும் காட்டுங்கள். நிரலாளருக்கு முன்பணம் அதன் பிறகு கொடுக்கலாம்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்