பிள்ளைகளுக்குக் காத்தவராயனைக் கொடு

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ இன்னும் விடவில்லை, குளிசை எடுக்கிறா. மருமகனும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளாச்சி துணை நிற்பா.

தொலைபேசியில் நீ கேட்டதற்கு அந்த நேரமே பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஒரு நாடகம் போடப் போகிறோம், ஊர் நாடக மன்றம் ஆடியவற்றில் எதை எடுக்கலாம் என்று கேட்டாய். மருமகனுக்கு வன்னி அரசன் பண்டாரவன்னியனின் நாடகத்தில்தான் விருப்பம் என்றும் சொன்னாய். ரெண்டு சொல்லில் முடிக்கிற கதையில்லை இது. மன்றத்து நாடகங்களை நான் கொட்டகைக்கு முன்னால் இருந்து பார்த்தது குறைவு. சீனுக்குப் பின்னால் கொப்பியோடு நின்று பாட்டும் வசனமும் எடுத்துக் கொடுத்ததுதான் என் வேலை. எந்த நாடகத்தில் எந்த இடத்தில் ஆள் தடுமாறும் என்பது பின்னுக்கு நிற்பவனுக்குத்தான் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்: பண்டாரவன்னியன் வேண்டாம், முத்துமாரியம்மனின் மகன் காத்தவராயனின் கூத்தை எடு. காரணத்தை எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

கோவலன் கூத்தை முதலிலேயே தள்ளி வைத்துவிடுவோம். அது அம்மனுக்கு உரியது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் வற்றாப்பளை என்று அம்மம்மா உனக்குக் கதை சொல்லியிருப்பா. வைகாசிப் பொங்கலுக்கு முதல் கடலில் தீர்த்தம் எடுத்து, இங்கே காட்டு விநாயகர் கோவிலில் வைத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பதை நீயே பார்த்திருக்கிறாய். அந்த நம்பிக்கைக்குள் நின்று ஆடுகிற கூத்து அது. ஆட்டமும் லேசில்லை. முல்லைமோடி என்று எங்கள் பகுதிக்கென்றே ஒரு ஆட்டமுறை இருக்கிறது, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் பக்கத்தில் நின்று காலைத் தட்டிப் பழக்கினால்தான் வரும். மன்றம் அதை ஆடியபோதெல்லாம் பெரியவர்கள்தான் ஆடினார்கள். இளம் பெடியள் தீவட்டி பிடித்தோம், தண்ணீர் அள்ளினோம், பார்த்துப் பார்த்துப் பழகினோம்.

எங்கள் வயதுக்காரர் சேர்ந்து நாங்களாகப் போட்டது அரிச்சந்திரன், மயானகாண்டம். எழுபதுகளில். காலபோக வெள்ளாண்மை வெட்டிச் சூடு அடித்து முடிந்தால் பங்குனி, சித்திரையில் கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். வாசிகசாலைக்குப் பின்னால் பெற்றோல்மாக்ஸ் கொளுத்தி வைத்துப் பழகுவோம். நடிகமணி வைரமுத்துவின் மயானகாண்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். அவரைப்போலப் பாட ஒருவராலும் முடியாது என்று தெரிந்தும் ஆசை விடவில்லை. சந்திரமதிக்கு ஆண்பிள்ளைதான் வேஷம் கட்டினார். லொறி ஓடுகிறவர், கனத்த உடம்பு. பகலில் அவரைப் பார்த்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். பாம்பு கடித்த மகனை மடியில் போட்டு அவர் எடுத்த முதல் ஒப்பாரிக்கே முன்பாயில் இருந்த கிழவிகள் எழும்பி நின்று அழுதார்கள். லோகிதாசனாகக் கிடந்தது உன் சின்ன மாமா. விடியச்சாமம் ஆகிவிட்டதால் பிள்ளை மடியிலேயே உண்மையாக நித்திரையாகிவிட்டான். சிவபெருமான் வந்து உயிர் கொடுத்தபிறகும் எழும்பவில்லை. சந்திரமதி பாட்டை நிறுத்தாமல், அதே ராகத்தில் "எழும்படா ராசா, விடிஞ்சுபோச்சு" என்று சேர்த்துப் பாடித்தான் எழுப்பினார். சனம் அதையும் பாட்டென்றே நினைத்தது. நல்ல நடிகன் என்றால் அவர்தான், எனக்கு இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை.

அந்த நாடகமும் உங்களுக்குச் சரிவராது. பெரிய சாரீரம் வேண்டும், ஆர்மோனியத்தோடு ராகம் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். பாடக்கூடியவர் மூன்று நாலு பேர்தான் மேடையில் நிற்பார்கள், மற்றவர்களுக்கு வேலையில்லை.

இனி மருமகனின் பண்டாரவன்னியன். அவர் ஆசைப்படுவதில் பிழையில்லை, எங்கள் மண்ணின் கதை. 1803 ஆகஸ்ட் மாதம் முல்லைத்தீவில் இருந்த வெள்ளைக்காரனின் கோட்டையை அடித்துப் பிடித்தவன். அதே வருடம் ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் கல் நட்டிருக்கிறார்கள். முள்ளியவளை முல்லைமணி அந்தக் கதையை நாடகமாக எழுதியபிறகு வன்னியில் அந்தப் பெயர் மேடைக்கு மேடை கேட்டது. நாங்களும் எடுத்தோம். அரங்கேற்றத்துக்கு முதல் உழவு மெசினில் எல்லாரும் கற்சிலைமடுவுக்குப் போய், அந்தக் கல்லுக்கு மாலை போட்டுக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வந்தோம். கல்லில் இருப்பது தோற்கடித்தான் என்பது மட்டும். எங்கள் மேடையில் அவன் அங்கேயே வெட்டுப்பட்டு விழவேண்டும், இல்லாவிட்டால் சனம் பாயைச் சுருட்டாது. காட்டிக்கொடுத்த காக்கை வன்னியனாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் எங்களைப் பழக்கிய அண்ணாவியாரே அந்த வேஷத்தைக் கட்டினார்.

கிரீடத்தை நாங்களே செய்தோம். பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி, சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளை நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டுவோம். சுருக்கம் இருந்தால் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நெற்றிப் பக்கத்துக்கு அம்மாவின் பழைய தோட்டு மாதிரியில் சிவப்புக் கல் வைத்தோம். அந்தக் கிரீடத்தை மன்றம் கனகாலம் பாவித்தது.

ஆனால் அந்த நாடகம் முழுக்க வசனம், நீண்ட நீண்ட வசனம். மூச்சு விடும் இடம் தெரியவேண்டும், சொல்லின் பாரம் தெரியவேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த பெடியளே அரசவைப் பேச்சில் தடக்கி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணி ஒப்புவித்தால், வாள் மட்டும்தான் மினுங்கும். பெற்றோர் கை தட்டுவார்கள். பிள்ளைக்கு அடுத்த கிழமை ஒரு வரியும் மனதில் நிற்காது. எனக்கு அது கவலை.

தொண்ணூறுகளை நீயும் கொஞ்சம் அறிவாய். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் விலை, ஜாம் போத்தல் விளக்கு. இரவில் நாடகம் போட வழியில்லாமல் பின்னேரத்தில் பள்ளிக்கூட முற்றத்தில் போட்டோம். 1995 இடம்பெயர்வோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனத்துக்குள் நாடகம் படித்த வாத்திமார் இருந்தார்கள். திரையும் சீனும் இல்லாமல், நாலு பேர் கையைக் கோத்து நின்று வீடாகவும் மரமாகவும் மாறுகிற விதத்தை அவர்களிடம்தான் கண்டோம். மன்றத்தில் பொம்பிளைகள் மேடையேறியதும் அப்போதுதான். குழந்தை சண்முகலிங்கத்தின் எந்தையும் தாயும் போட்டபோது உன் அம்மா அதில் நடித்தா. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, வயதான தாய் தகப்பன் இங்கே தனித்துப் போகிற கதை. நீ முன்னுக்கு மணலில் இருந்தாய், மேடையில் இருக்கிறது அம்மா என்று கூப்பிட்டுக் குழப்பினாய். நல்ல நாடகம். ஆனால் அதை நீங்கள் அங்கே போட்டால் பெரியவர்களுக்கான நாடகமாகிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தோளில் அந்தச் சுமையை ஏற்றவேண்டாம்.

2009 ஐ இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. உடுப்புப் பெட்டி, ஆர்மோனியம், கொப்பிகள், கிரீடம் எல்லாம் போயின. ஆட்களும் போயினர், உனக்குத் தெரியும்.

திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், மாரியம்மன் கோவிலில் காத்தவராயன் ஆடவேண்டும் என்று சனம் கேட்டது. பழைய நேர்த்திகள் கிடந்தன. கொப்பி ஒன்றுகூட இல்லை. நான் பின்னுக்கு நின்று எடுத்துக் கொடுத்த பாட்டுகளை முதலில் எழுதினேன். நடுவில் அறுந்த இடத்தை அண்ணாவியாரின் மனிசி பாடிக் காட்டினா, அவ ஒருநாளும் மேடை ஏறியவ இல்லை, அடுப்படியில் நின்று கேட்டே முழுதும் மனதில் வைத்திருந்தா. காத்தவராயன் விரும்புகிற ஆரியமாலையின் பகுதியை மாங்குளத்துக்குப் போய்விட்ட ஒருவர் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கூத்தைத் திரும்ப எடுத்தோம். மன்றம் செய்தவற்றுக்குள் பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன், மயானகாண்டத்தைவிடவும்.

அந்த முறை நடுக் காத்தானாக ஒரு பெடியன் வந்தான். முகாமுக்குள்ளும் இடம்பெயர்விலும் படிப்புக் கெட்டுப்போன பிள்ளை, வாசிக்கச் சொன்னால் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பான். கொப்பியைக் கையில் கொடுத்தால் முகம் சுருங்கும். அண்ணாவியார் கொப்பியை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, ஒரு வரியைப் பாடி, அவனையும் பாடச் சொன்னார். காத்தவராயன் ஆடுகிற சிந்துநடை என்பது நடையோடு ஒட்டிய மெட்டு. பாட்டுக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைந்து நடக்க நடக்கச் சொல் தானாக வாயில் ஏறும். அந்தப் பிள்ளைக்கு மேடையில் நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு அந்தப் பாட்டுகளை வைத்தே எழுத்துப் பழகினான். பாட்டு முதலே தெரியும் என்றபடியால் எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று பிடித்துவிட்டான்.

உன் பிள்ளைகளுக்கு நான் காத்தவராயனைச் சொல்வது இதனால்தான். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதைப் பாடலாம், பாடினால் சொல் ஒட்டும். இன்னொன்று, காத்தான் ஒரு ஆளில்லை. பாலக் காத்தான், நடுக் காத்தான், பெரிய காத்தான் என்று வயதுக்கு வயது ஆள் மாறும். சின்ன வகுப்புப் பிள்ளையும் ஆடலாம், பெரிய வகுப்புப் பிள்ளையும் ஆடலாம். காத்தானின் தோழன் சின்னான் இருக்கிறான், ஆரியமாலை இருக்கிறா, தோழிமார் எத்தனை பேரையும் சேர்க்கலாம். ஒரு பிள்ளையும் மரமாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டி வராது.

இங்கே விடிய விடிய ஆடுவோம், அங்கே மண்டபத்தை அப்படித் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வெட்டத்தான் வேண்டும். வரவுப் பாட்டுகளைச் சுருக்கு. தாய் முத்துமாரியும் மகனும் பாட்டுக்குப் பாட்டு மறுத்து நிற்கிற தர்க்கத்தில் கை வைக்காதே. ஆரியமாலையை நினையாதே என்று தாய் சொல்ல, போயே தீருவேன் என்று மகன் சொல்வான். அங்கே வளர்கிற பிள்ளைக்கு அதை ஒருவரும் விளக்கவேண்டியதில்லை. காத்தான் கழுமரம் ஏறுகிற கழுவேற்றத்தை வைத்துக்கொள், அதில்லாமல் காத்தவராயன் இல்லை. இங்கே கழுவுக்கு வேப்பிலை கட்டி, தேசிக்காய் வெட்டி, கற்பூரம் காட்டித்தான் ஏறுவார்கள், ஏறுகிறவர் மச்சம் மாமிசம் தொடமாட்டார். அங்கே விரதம் பிடிக்கச் சொல்லவேண்டாம், ஆனால் அது விளையாட்டுச் சாமான் இல்லை என்று பிள்ளைக்கு முதலே சொல்லிவிடு.

இனி நீ செய்யவேண்டியது. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, ஆருக்குப் பாட்டு வரும் என்று எழுதி அனுப்பு. நான் ஒவ்வொருவரின் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து, வட்ஸ்அப்பில் வரி வரியாகப் பாடி அனுப்புகிறேன். தாளத்துக்கு ஒரு மிருதங்கக்காரரைப் பிடி, ஆர்மோனியம் இல்லாவிட்டால் கீபோட் போதும். பேத்தியை முத்துமாரிக்கு விடு. போன முறை வந்தபோது கிணற்றடியில் அவள் அம்மாவோடு வாதாடியதைக் கேட்டேன், அந்தக் குரல் தர்க்கத்துக்குப் பொருந்தும். பண்டாரவன்னியனைப் பெரிய பெடியள் இன்னும் நாலைந்து வருடத்தில் எடுக்கட்டும், அப்போது நானே மருமகனுக்குக் கொப்பி எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: முத்துமாரிக்குக் கட்டச் சிவப்புச் சேலை ஒன்றை இங்கிருந்து வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவதாக அம்மா சொல்கிறா. கழுவை மருமகன் உயரமாகச் செய்யவேண்டாம். பின்பக்கம் படி வைத்து, ஒரு பெரியவர் மறைவில் நின்று பிள்ளையைப் பிடித்திருக்கவேண்டும்.