செயலாளரின் ஆண்டறிக்கை: ஜூலை 2024 – ஜூன் 2025

தலைவர், நிர்வாகக் குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் தடையின்றி நடந்தன. பொங்கல் விழாவுக்கு மண்டபம் கொள்ளாத சனம். விளையாட்டுப் போட்டி மழையால் பாதியில் நின்றது. கயிறிழுத்தல் நடக்காததால் கோப்பை போன வருடம் வென்றவர்களிடமே இருக்கிறது; அதில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல். நூலக அலுமாரிக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று. கணக்கு விபரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி, குழுவுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்த விடயம்: இந்து சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் சாகோஸ் தீவுகள். தமிழ்ச் சங்கத்துக்கு இது தேவையா என்று ஒக்டோபர் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே, இங்கிலாந்தின் குரோலி நகரில், அந்தத் தீவு மக்கள் நமக்கு அடுத்த கதவில் இருக்கிறார்கள். 2002 சட்டத்தில் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த பிறகு கட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள், இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். பிரோட்ஃபீல்ட், லாங்லி கிரீன் பக்கம் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இரண்டாவது காரணம், அந்தத் தீவில் நம்மவர்களும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

2024 ஒக்டோபர் 3ஆம் திகதி, சாகோஸ் தீவுகளின் இறைமையை மொரிசியஸுக்குக் கொடுக்கப் பிரித்தானியா இணங்கியது. அடுத்த மாதம் நாம் ஒரு கலந்துரையாடல் மாலை வைத்தோம். சாகோஸ் பெண்கள் சிலர் வந்து, 'செராஸ்' என்று அவர்கள் சொல்லும் தேங்காய்ப்பால் கறியை நம் சமையலறையிலேயே வைத்தார்கள். சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் பிறந்த ஒரு பாட்டி நம்முடைய திருவலையைக் கண்டதும் வேறு யாரையும் தொடவிடவில்லை. தேங்காயைத் திருவிக்கொண்டே, 1971இல் நாய்களைக் கொன்ற கதையைச் சொன்னார். கொப்பரா காயவைக்கும் கொட்டகைக்குள் தீவின் வளர்ப்பு நாய்களை அடைத்து, வாகனப் புகையைக் குழாயால் உள்ளே விட்டார்கள். பிறகு ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். "அடுத்தது நாங்கள் என்று நினைத்தோம்" என்றார். பேத்தி மொழிபெயர்த்தாள். பாட்டி தேங்காய் திருவுவதை நிறுத்தவே இல்லை.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் மடகஸ்கார், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து தென்னை வைத்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள். ஐந்தாறு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டது. 1965இல், மொரிசியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு மூன்று வருடம் முன்னதாக, பிரித்தானியா இந்தத் தீவுகளைப் பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம் என்று தனியே பிரித்து எடுத்தது. டியேகோ கார்சியாவில் அமைக்கவிருந்த அமெரிக்கப் படைத்தளத்துக்கு ஆளில்லாத தீவு தேவைப்பட்டது. ஆள் இருந்ததால் 1973க்குள் எல்லோரையும் அகற்றினார்கள். பெரோஸ் பான்யோஸ், சலமன் தீவுக்கூட்டங்கள் தளத்திலிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளியிருப்பவை; அங்கிருந்தவர்களையும் விடவில்லை.

கடல் பாதுகாப்பு இந்தக் கதைக்குள் வந்தது பிறகுதான். 2010 ஏப்ரல் 1ஆம் திகதி பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட், சாகோஸைச் சுற்றி ஏறத்தாழ 6,40,000 சதுர கிலோமீற்றரைப் பாதுகாக்கப்பட்ட கடல் என்று அறிவித்தார். வணிக மீன்பிடி முழுதாகத் தடை. உலகமே கைதட்டியது. அந்த வருடக் கடைசியில் விக்கிலீக்ஸ் ஒரு அமெரிக்கத் தூதரகத் தந்தியை வெளியிட்டது. இப்படி ஒரு பாதுகாப்பு வலயம் அறிவித்தால் முன்னாள் குடிமக்களின் திரும்பும் கோரிக்கை அதோடு முடிந்துவிடும் என்று, 2009 மேயில் பிரித்தானிய அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் சொன்னதாக அதில் இருந்தது. 2015இல் சர்வதேச நடுவர் மன்றம், மொரிசியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்தபடியால் அந்த அறிவிப்பு கடற்சட்டத்துக்கு மாறானது என்றது. கவனியுங்கள், அதிலும் பேசப்பட்டது அரசாங்கத்தின் உரிமைதான். தீவு மக்களின் வழக்குகள் வேறு பாதையில் போய், 2008இல், அந்நாளில் இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றிருந்தன.

இந்த இடத்தில் கூட்டம் சூடானது. தந்தியைக் கேட்ட பாதிப் பேர், பாதுகாப்பு என்பதே வெறும் நாடகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படி இல்லை என்று எழும்பிச் சொன்னவர் வடமராட்சிக் கடற்றொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த நம் மூத்த அங்கத்தவர். அந்தக் கடலுக்குள் களவாகப் போய்ச் சுறா பிடித்து அகப்படும் படகுகளில் பெரும்பகுதி இலங்கைப் படகுகள், கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்களும் அகப்பட்டிருக்கிறார்கள் என்றார். "சுறாச் செட்டைக்குக் காசு இருக்கும் வரை தடையை எடுத்தால் பத்து வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. நம் பக்கத்துக் கடல் மாதிரி ஆகிவிடும்." மறுக்க முடியாத பேச்சு. இந்து சமுத்திரத்தில் இவ்வளவு நல்ல முருகைப்பாறை மிஞ்சியிருக்கும் இடங்கள் குறைவு. 2015, 2016 கடல் வெப்பத்தில் அங்கேயும் பெருமளவு வெளுத்துச் செத்தது.

ஆனால் அந்தக் கடலைக் கெடுத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்கும் ஓடுபாதைக்கும் முருகைக்கல்லை வெடிவைத்துத் தோண்டியது தளம். பாதுகாக்கப்பட்ட கடலின் வரைபடத்தில் டியேகோ கார்சியாவும் அதைச் சுற்றி மூன்று கடல்மைலும் வெளியே விடப்பட்டிருக்கின்றன. தளத்தில் இருப்பவர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போடலாம். தீவுகள் தாழ்வானவை, கடல் உயர்ந்தால் மனிதர் வாழ முடியாது என்பது திரும்புவதற்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் காரணம். அந்தக் கவலை 12,000 அடி ஓடுபாதைக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

எலிக் கதையும் உண்டு. தோட்டக்காரர் காலத்துக் கப்பல்களில் வந்த எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்பதால் கடற்பறவைகள் அழிந்தன. எலி இல்லாத தீவுகளில் பறவை அடர்த்தி 760 மடங்கு வரை கூட என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. பறவை எச்சம் கடலில் கரைந்து பாறை மீன்களை வளர்க்கிறது; அங்கே மீன் நிறை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே சும்மா பூட்டி வைத்தால் அந்த இடம் தானாகச் சொர்க்கமாகாது. எலி ஒழிக்கவும், காடான தென்னந்தோப்பை வெட்டிப் பழைய மரங்களை வைக்கவும், களவுப் படகைக் கண்டு சொல்லவும் வருடம் முழுக்க அங்கே ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அந்த மண்ணின் மக்களை விட யார் பொருத்தம்? குரோலி இளைஞர்கள் சிலர் பயிற்சி பெற்று ஆய்வுப் பயணங்களில் போயும் வந்திருக்கிறார்கள். போனாலும் அங்கே தங்க முடியாமல் திரும்பி வர வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்களின் குறை.

அப்புறம் நம்மவர்கள் கதை. 2021 ஒக்டோபரில் கனடா நோக்கிப் போன ஒரு படகு பழுதாகி, 89 தமிழர் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வேலிக்குள் கூடாரங்களில் மூன்று வருடம். மேலே சொன்ன அதே எலிகள் கூடாரத்துக்குள் வந்து பிள்ளைகளைக் கடித்தன. 2024 டிசம்பரில் பெரும்பாலானோர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம் 16ஆம் திகதி, அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் சங்கம் குளிர் உடுப்பும் சப்பாத்தும் சேர்த்து அனுப்பியது. சேர்த்துத் தந்தவர்களில் சாகோஸ் குடும்பங்களும் இருந்தன என்பதை நன்றியோடு பதிகிறேன்.

ஒப்பந்தம் 2025 மே 22ஆம் திகதி கையெழுத்தானது. டியேகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் முதல்நாள் இரவே நீதிமன்றம் போய், கையெழுத்துக்கு எதிராக எடுத்த தடையுத்தரவு மறுநாள் மதியத்துக்குள் நீங்கியது. ஒப்பந்தத்தின்படி தளம் 99 வருடக் குத்தகைக்குப் பிரித்தானியாவிடமே இருக்கும். மற்றத் தீவுகளில் மொரிசியஸ் மீள்குடியேற்றம் செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. கடல் பாதுகாப்பு தொடரும். இதைச் சாகோஸ் மக்களே ஒரே குரலில் பார்க்கவில்லை. ஒலிவியே பாங்கூல்ட் தலைமையில் மொரிசியஸில் இருப்பவர்கள் வரவேற்கிறார்கள். இங்கே பலர், எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டை இரண்டாம் முறை கைமாற்றிவிட்டார்கள் என்கிறார்கள்.

ஜூன் கூட்டத்தில் சங்கம் என்ன சொல்வது என்று கதைத்தோம். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு அகப்பட்ட ஒருவர், தளத்துக்காரரோடு மல்லுக்கட்டுவது தெரிந்த வேலை, வனவளத் திணைக்களம் வந்து எல்லைக்கல் போட்டால்தான் கஷ்டம் என்றார். வன்னியில் இடம்பெயர்ந்தவர் காணி காடாகிப் போக, பிறகு அது ஒதுக்குக்காடு ஆன கதை நம்மில் பலருக்குத் தெரியும். மரத்துக்கு எதிராகப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் ஒரு கடிதம் எழுதினோம். வணிக மீன்பிடித் தடை இருக்கட்டும். திரும்புகிறவர்கள் வீட்டுக்குப் பிடிக்கும் மீனுக்கு அந்தத் தடை பொருந்தக் கூடாது. கடலைப் பராமரிக்கும் வேலையும் அது பற்றிய முடிவும் அவர்களிடம் முதலில் போக வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். 'கடலோடு பிறந்தவர்கள்' என்று தொடங்கிய ஒரு பந்தியை நான் வெட்டினேன். எழுதியவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர்களுக்குப் பதிலாக நாம் பேசுவது சரியில்லை என்பதால், கடிதத்தை நேரே அரசாங்கத்துக்கு அனுப்பாமல், ஒப்பந்தத்தை ஏற்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரு தரப்பாரிடமும் கொடுத்தோம். இரு தரப்பும் வாங்கிக்கொண்டன. மூன்று அங்கத்தவர்கள் கையெழுத்திடவில்லை என்பது கூட்டக்குறிப்பில் உள்ளது.

புதிய நிர்வாகத்தின் முடிவுக்கு விடுவது இரண்டு விடயம்: மண்டப வாடகை செப்டெம்பரிலிருந்து கூடுகிறது, சாகோஸ் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் கிரியோல் மொழி வகுப்புக்குச் சனிக்கிழமை பின்னேரம் நம் அறையைக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை.

அறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்