இந்த வருடம் ஆபரேஷன் இல்லை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்த வாரம்தான் பெரியவளுக்குக் கட்டுப் பிரித்தார்கள். அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். உன் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததில் எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியிருந்ததை இவரிடமும் படித்துக் காட்டினேன்.

"இன்னும் எத்தனை ஆபரேஷன் பாக்கி?" என்று கேட்டிருந்தாய். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். உன்னிடம் விவரமாகவே சொல்லலாம். தீக்காயம் பட்ட இடத்தில் ஒட்டு வைத்த தோல், குழந்தை வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளராது. அவள் உயரமாக ஆக, கழுத்து வடு இழுக்க ஆரம்பிக்கும். முதலில் அண்ணாந்து பார்க்க முடியாது, அப்புறம் முகவாய் மெல்லக் கீழே இறங்கும், கீழுதடும் கூடவே போகும். அப்போது இறுகிய இடத்தை வெட்டித் தளர்த்திவிட்டு, திறந்த இடத்தில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கிறார்கள். வளர்த்தி நிற்கும்வரை இதற்குக் கணக்கு கிடையாது. டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார்.

இந்தத் தடவை கழுத்துதான். கழுத்து இறுகியிருப்பதால் மூச்சுக்குழாயில் குழாய் இறக்குவதே சிரமம். முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து அவளை வாயைத் திறக்கச் சொல்லி, தலையை எவ்வளவு தூரம் சாய்க்க முடிகிறது என்று பார்த்துவிட்டு, கேமரா வைத்த குழாய் கொண்டுதான் செய்வோம் என்று அவளிடமே பொறுமையாக விளக்கினார். அவரை நான் மறக்கமாட்டேன். மற்றவர்கள் எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

எல்லோரும் கழுத்தையே விசாரிக்கிறார்கள். அவளுக்கு வலித்தது தொடைதான். தோல் சீவி எடுத்த இடத்தில் நரம்பு நுனிகள் திறந்துகிடக்கும், துணி பட்டாலே துடித்துப்போவாள். அது ஆற இரண்டு வாரம் ஆகும். கழுத்தில் என்ன ஆயிற்று என்று ஐந்தாம் நாள் கட்டுப் பிரிக்கும்போதுதான் தெரியும். நர்ஸ் உப்புநீர் விட்டு நனைத்து நனைத்து, ஒட்டிக்கொண்ட பஞ்சை ஓரத்திலிருந்து உரித்தார். உள்ளே தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. டாக்டர் குனிந்து விரலால் லேசாக அழுத்தினார். வெளுத்து, மறுபடி சிவந்தது. "பிடிச்சிடுச்சு" என்றார். அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அதுவரை ஜன்னலைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

ஆபரேஷன் முடிந்ததோடு வேலை முடிவதில்லை. வடு அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை கழுத்துக்குத் தாங்குபட்டையும் அதன்மேல் பிரஷர் கார்மென்ட்டும், அதாவது வடுவை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையும். ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் போட்டிருக்க வேண்டும், குளிக்க மட்டும் கழற்றலாம். இரவில் அரிப்பு வந்தால் அவளால் தூங்க முடியாது. கிரீம் தடவி, வட்டமாக அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். இந்த வேலையை யாரும் சொல்லாமலேயே சின்னவன் எடுத்துக்கொண்டான். நான் விழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவனைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் எழுதவேண்டும். நாங்கள் மூவரும் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவன் பாட்டியோடு நின்றுவிடுவான். அழமாட்டான், எதுவும் கேட்கமாட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் அக்காவை விசாரித்துவிட்டு "நீ சமர்த்தா இருக்கணும்" என்று இவனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த வார்த்தையை இனி யாரும் அவனிடம் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன். இந்தத் தடவை அவனையும் கூட்டிப்போனோம். மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்து நானும் இவரும் மாறி மாறி வார்டில் இருந்தோம். கட்டோடு அக்காவைப் பார்த்தால் பயந்துவிடுவான் என்று பலர் தடுத்தார்கள். அவன் பயப்படவில்லை. வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டதுதான் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

ரயில் பயணம் இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. மாற்று கார்மென்ட், கிரீம், தாங்குபட்டை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கும். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால் வெக்கை அவளுக்குச் சீக்கிரம் ஏறிவிடும். வெயில் பட்டால் அந்த இடம் கறுத்தும் போகும். பகல் வண்டியில் எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுப்போம். இதெல்லாம் சமாளித்துவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பார்வைதான். முறைக்கிறவர்களைவிட, "அய்யோ, பொம்பளப் பிள்ளையாச்சே" என்று அவள் காதுபடச் சொல்கிறவர்கள் எனக்குத் தாங்கமுடியாதவர்கள். "தீ விபத்து, இப்போ நல்லா இருக்கேன்" என்று அவளே ஒரே வரியில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்கிறாள்.

வார்டில் காத்திருந்த நேரத்தில் இந்த அறுவைச் சிகிச்சையின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் தனி மருத்துவமனையே திறந்தார்கள். ஹரால்ட் கில்லீஸ் என்ற டாக்டர் அங்கேதான் பெரிய வேலைகளைச் செய்தார். அந்த ஊரில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்களாம். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கத்தான். அடுத்த போரில் அவருடைய உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் தீக்காயம் பட்ட விமானிகளுக்குச் சிகிச்சை செய்தார். அவர் ஊர்க்காரர்களிடமே போய், இந்தப் பையன்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், பார்வையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஊரும் அப்படியே நடந்துகொண்டது. முறைத்துப் பார்க்காத ஊர் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த நோயாளிகள் 1941இல் தங்களுக்கென்று ஒரு சங்கமும் ஆரம்பித்து, சோதனை எலி என்று அர்த்தம் வருகிற மாதிரி அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அந்த நீல பெஞ்சு மனதை விட்டுப் போகவே இல்லை.

இப்போது முக்கியமான செய்தி. அடுத்ததாகத் தோள்பட்டைத் தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் பை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாரா வாரம் ஊசியால் உப்புநீர் ஏற்ற, இரண்டு மூன்று மாதத்தில் மேலே உள்ள தோல் விரிந்து கொடுக்கும். அந்தத் தோலைக் கழுத்துக்கு இழுத்துத் தைத்தால் நிறமும் மென்மையும் நன்றாகப் பொருந்தும். நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தோம். அவள்தான் கேட்டாள்: "இதைச் செஞ்சா கழுத்து இன்னும் நல்லா திரும்புமா, இல்ல பார்க்க மட்டும் நல்லா இருக்குமா?" பெரும்பாலும் பார்வைக்குத்தான், இப்போது கழுத்து நன்றாகவே திரும்புகிறது, அவசரமில்லை என்றார் டாக்டர். "அப்ப இந்த வருஷம் வேண்டாம். ஒரு வருஷம் முழுசா ஸ்கூலுக்குப் போகணும்" என்றாள்.

இவருக்கு அதில் சம்மதமில்லை. சின்ன வயதிலேயே முடித்துவிட்டால் பிற்பாடு கஷ்டம் இருக்காது என்கிறார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. அவளை முதன்முதலில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். ஆனால் நான் அவள் பக்கம். வடு இழுக்க ஆரம்பித்தால் செய்தே தீரவேண்டும், அதில் பேச்சே இல்லை. அழகுக்கான ஆபரேஷனை எப்போது செய்வது, செய்வதா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். வலி அவளுடையது, முகமும் அவளுடையது. இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சுதான். கடைசியில் இவரே டாக்டருக்குப் போன் செய்து தள்ளிவைத்துவிட்டார்.

அதனால் இந்த விடுமுறையில் நாங்கள் நால்வரும் உன் வீட்டுக்கு வருகிறோம். ஒரு வாரம் இருப்போம். மருத்துவமனைக்கில்லாமல் ஒரு ஊருக்குப் போவதை நினைத்துச் சின்னவன் இப்போதே பை அடுக்குகிறான். பிற்பகல் வெயில் வராத அறையாகக் கொடு, ஒரு மின்விசிறி இருந்தால் போதும். உன் பேரப்பிள்ளைகளிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லித் தயார் செய்யாதே. அவர்கள் கேட்டால் அவளே சொல்லிக்கொள்வாள். உன் சம்பந்தி வீட்டார் வருகிற நாளானாலும் பரவாயில்லை, அவளை உள்ளறையில் உட்காரச் சொல்லிவிடாதே. நீ சொல்லமாட்டாய், தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

உனக்கு எந்த வாரம் தோது என்று உடனே எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி