சாலைத் தரவுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

சாலை வலையமைப்புத் தரவை ஒற்றைக் கோட்டு மாதிரியிலிருந்து பல பரிமாண மாதிரிக்கு மாற்றும் வேலை நிறைவடைந்தது. பழைய லேயரை, அதாவது சாலைக் கோடுகளை வைத்திருந்த வரைபட அடுக்கை, இனி பார்க்கலாம், திருத்த முடியாது. திருத்தங்கள் எல்லாம் புதிய தரவுத்தளத்தில்தான். என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், எது பாக்கி என்று உங்களிடம் ஒப்பிக்க வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில், எதைச் சரி செய்யப் புகுந்தோம் என்பதை ஒரு சாலையை வைத்தே சொல்லிவிடுகிறோம். பழைய லேயரில் ஒரு சாலை என்றால் ஒரு கோடு. அதன் பெயர், அகலம், தளம், வேக வரம்பு எல்லாம் பக்கத்தில் உள்ள பத்திகள். 2.1 கி.மீ.யில் தார்த்தளம் முடிந்து கான்கிரீட் தொடங்குகிறது என்றால் கோட்டை அங்கே வெட்டுவோம். 2.6-இல் வேக வரம்பு மாறினால் இன்னொரு வெட்டு. 3.4-இல் வண்டிகள் வரிசையாக ஓடும் தடங்கள் இரண்டிலிருந்து நான்கானால் மறுபடியும் வெட்டு. ஒரே சாலை நான்கு துண்டாகி, நான்கு இடத்தில் பெயர் தட்டச்சாகி, ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை விழுந்துவிடும். பெயரைத் தேடினால் மூன்று துண்டுதான் வரும். கவனக்குறைவு என்று யாரையும் குறை சொல்வதில் பயனில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாலையையே வெட்டச் சொன்ன மாதிரிதான் பிழைக்கு இடம் வைத்தது.

புதிய மாதிரியில் சாலை வெட்டப்படுவதில்லை. கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் நான்கு எண்களைத் தாங்குகிறது: எக்ஸ், ஒய், உயரத்துக்கு இசட், சாலையின் தொடக்கத்திலிருந்து வந்த தொலைவுக்கு எம். தளம், வேகம், தடம் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை. அதில் ‘இந்தச் சாலை, இங்கிருந்து, இதுவரை, இந்த மதிப்பு’ என்று ஒரு வரி. கேள்வி கேட்கும்போது மட்டும் மென்பொருள் அட்டவணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துண்டுகளைக் காட்டும். டைனமிக் செக்மென்டேஷன் என்று இத்துறையில் சொல்வது இதைத்தான். தொலைவை வைத்து இடத்தைக் குறிக்கும் இந்த வழிக்கு 2012-இல் ஐஎஸ்ஓ 19148 என்ற தரநிலையே வந்துவிட்டது. இடத் தரவுகளைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ் நான்கு எண்களையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எம் மதிப்பை ஏன் எக்ஸ், ஒய்யிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளக் கூடாது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நூற்றுக்குப் பத்து ஏற்றமுள்ள சாலையில், வரைபடத்தில் 1000 மீட்டர் என்பது தரையில் ஏறக்குறைய 1005 மீட்டர். கிலோமீட்டர் கல் நட்டவர்கள் தரையில்தான் அளந்தார்கள். அந்த 5 மீட்டரில் ஒரு சிறு பாலத்தின் வாய் இருக்கலாம். ஆகவே எம் என்பது அளந்து எழுதிய மதிப்பு. வரைந்த கோட்டின் நீளம் அதற்கு ஈடாகாது.

உயரத்தில்தான் முதலில் சறுக்கினோம். ஒரு பாலத்தைத் திரையில் எழுப்பிப் பார்த்தபோது, அதன் ஒரு பாதி ஆற்று நீருக்கு அடியில் கிடந்தது. ஒரு கரையின் உயரங்கள் ஜிபிஎஸ் கருவியிலிருந்து நேராக எடுத்தவை. அவை பூமிக்குப் பொருத்திய கணிதத் தட்டைக் கோளத்தின் (எலிப்சாய்டு) பரப்பிலிருந்து அளந்தவை. மறு கரையுடையவை கடல்மட்டத்திலிருந்து அளந்தவை. இந்த இரண்டு அடிமட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு உலகில் இடத்துக்கு இடம் மாறும். ஏறக்குறைய கீழே 106 மீட்டர் முதல் மேலே 85 மீட்டர் வரை போகிறது. இப்போது ஒவ்வொரு உயரத்தோடும் அது எந்த அடிமட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதும் எழுதப்படுகிறது. அது இல்லாத உயரத்தைத் தரவுத்தளம் வாங்கிக்கொள்ளாது.

இன்னொன்று. நிலப்பரப்பு மாதிரியின்மேல் சாலையைப் போர்த்திவிட்டால் போதும் என்று தொடக்கத்தில் நினைத்தோம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாளில் ரேடாரால் எடுத்த உயரத் தரவு ஏறக்குறைய 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது. மலைச்சரிவுக்கு அது உதவும். பாலத்துக்கு உதவாது, போர்த்தினால் சாலை கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கி மறுபடி ஏறுகிறது. அதனால் பாலங்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் இரு முனைகளின் உயரத்தை மட்டும் அளந்து, இடைப்பட்டதைச் சீராக நிரப்பினோம்.

மேம்பாலச் சந்திப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. பழைய லேயரை ஒரு காலத்தில் துப்புரவு செய்தபோது, இரு கோடுகள் எங்கெல்லாம் குறுக்கே வெட்டினவோ அங்கெல்லாம் மென்பொருள் ஒரு கணுவை, அதாவது சாலைகள் இணையும் புள்ளியை, போட்டிருந்தது. விளைவு, மேம்பாலத்தின் நடுவிலிருந்து கீழ்ச்சாலைக்குத் திரும்பச் சொல்லி வழி காட்டியது. ஒரு நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற புதிரைக் கணித மேதை ஆய்லர் 1736-இல் அவிழ்த்தபோது பார்த்தது எது எதோடு இணைகிறது என்பதை மட்டும்தான். வடிவத்தையோ உயரத்தையோ அவர் பொருட்படுத்தவில்லை. நாங்களும் அந்த வழிக்கே வந்தோம். வண்டி திரும்ப முடிகிற இடத்தில் மட்டும் கணு. இசட் வேறாக இருக்கிறது, ஆகவே இணைப்பில்லை என்று மென்பொருளை ஊகிக்க விடவில்லை. உயரம் ஒரு செய்தி, இணைப்பு வேறொரு செய்தி. வண்டி இங்கே திரும்பக் கூடாது என்ற தடையும் கணுவுக்கு உரியது அல்ல. எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலைக்கு என்ற சோடிக்கு உரியது. அதற்கும் தனி அட்டவணை வந்துவிட்டது.

எங்களை நீண்ட நாள் உட்கார வைத்தது காலம்தான். ஒரு சாலையில் 5.2 கி.மீ.க்கும் 6.8 கி.மீ.க்கும் இடையில் ஒரு கொடும் வளைவு. அதை நேராக்கினார்கள், சாலை 300 மீட்டர் குறைந்தது என்று வையுங்கள். அதற்கு முன்பு 9.4 என்று பதிவான ஒரு விபத்து இப்போது எங்கே? கற்களை எல்லாம் பிடுங்கி மறுபடி அளந்து நட்டிருந்தால் அந்த இடம் 9.1 ஆகியிருக்கும். கற்களைத் தொடாமல் விட்டிருந்தால் அது 9.4 ஆகவே இருக்கும். ஆனால் வேலை நடந்த பகுதியில் 5-ஆம் கல்லுக்கும் 7-ஆம் கல்லுக்கும் நடுவே 2000 மீட்டருக்குப் பதில் 1700 மீட்டர்தான் இருக்கும், எம் மதிப்பு அங்கே ஒரு குதி குதிக்கும். இரண்டு முறையும் நடைமுறையில் உள்ளது. புதிய அளவைப் பழையதன்மேல் எழுதிவிட்டால், நேராக்கிய வளைவுக்கு அப்பாலுள்ள பழைய விபத்துகள் எல்லாம் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். உயிர் போன இடம் அது. 300 மீட்டர் தள்ளிக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

ஆகவே ஒவ்வொரு அளவீட்டுக்கும் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்’ என்ற எல்லை வைத்தோம். ஒவ்வொரு நிகழ்வும் அதன் தேதியோடு நிற்கிறது. அந்த நாளில் நடப்பிலிருந்த அளவை வைத்தே அதன் இடம் காணப்படும். அப்புறம் இரண்டாவது தேதி ஒன்று. ஒரு பாலம் 3-ஆம் தேதி மூடப்பட்டது, நாம் 10-ஆம் தேதி பதிந்தோம். 5-ஆம் தேதி வரைபடம் ஏன் அந்த வழியைக் காட்டியது என்று யாராவது கேட்டால், தரையில் நடந்த தேதியும் நாம் எழுதிய தேதியும் இரண்டும் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஒன்று போதும், வேலை இரட்டிப்பாகும் என்று குழுவுக்குள்ளேயே பலமான வாதம் நடந்தது. தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலை 2011-லேயே இரண்டு காலத்துக்கும் இடம் கொடுத்துவிட்டதை எடுத்துக்காட்டிய பிறகு எதிர்த்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து உங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

பாக்கி இருப்பது தடங்களின் வடிவம். எத்தனை தடம் என்பது நம்மிடம் உண்டு. ஒவ்வொரு தடமும் எந்தக் கோட்டில் போகிறது என்பது இல்லை. தானாக ஓடும் வண்டிகளைக் கணினியில் ஓட்டிச் சோதிக்கப் பயன்படும் ஓப்பன்டிரைவ் போன்ற தரவு வடிவங்கள் சாலையின் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று அளவு கேட்கின்றன. நம் அளவீட்டின் துல்லியம் அதற்குப் போதாது. போதாத துல்லியத்தை வைத்து வரைந்து ஒப்பேற்றுவதைவிட விட்டுவைப்பதே நேர்மை என்று முடிவு செய்தோம்.

களத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் குறிக்கும்போது, எண்ணோடு அதைப் பார்த்த தேதியையும் எழுதுங்கள். அடியில் புது சிமெண்டு தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கல் நகர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே நமக்கு முதல் தகவல்.

இப்படிக்கு,
சாலைத் தரவுத் திருப்பணிக் குழு