வேலூர் வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்: சூரியசக்தி ஆய்வுகளின் வரைபடங்களைப் பொதுவில் வையுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

குடியாத்தத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் எரிந்த மோட்டாரும் ஸ்டார்ட்டரும்தான் வரும். 2019இல் பி.எம். குசும் திட்டம் வந்து மானியத்தில் சோலார் பம்புகள் பரவிய பிறகு, கே.வி.குப்பத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும், பேனல் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பம்பு ஓடுகிறவரை ஒரு குறையும் இல்லை. நின்றுவிட்டால் நாதியில்லை.

சென்ற கோடையில் வந்த ஒரு பெட்டியைச் சொல்கிறேன். போர்டு முழுக்கக் கருப்புப் பிசின் ஊற்றி இறுகியிருந்தது. சூடு காட்டி ஓரமாகப் பெயர்த்தெடுத்துப் பார்த்தால், முக்கியமான சிப்பின் முதுகிலிருந்த எண்ணைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். திரையில் ஒரு பிழை எண் மின்னியது. அதற்கு என்ன பொருள் என்று கையேட்டில் இல்லை. சேவை மையத்தை அணுகவும் என்ற ஒரு வரிதான் இருந்தது. ஈரம் புகாமலிருக்கப் பிசின் ஊற்றுவது நியாயம். எண்ணைச் சுரண்டுவதால் எந்த ஈரம் தடுக்கப்படுகிறது? கம்பெனி ஆள் வந்து சேர்வதற்குள் அந்த விவசாயியின் கத்தரிச் செடிகள் காய்ந்துவிட்டன.

கம்பெனியைத் திட்டுவதற்கு இந்த மடலை எழுதவில்லை. அது வியாபாரம். நீங்கள் வியாபாரிகள் அல்லர் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சோலார் பம்பு கன்ட்ரோலர், உலர்த்தி, பேட்டரி சார்ஜர் என்று நம் வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். (காசு கொடுத்துக் கடையில் வாங்கிவரும் புராஜெக்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.) மதிப்பெண் போட்டதும் அந்தக் கருவிகள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. தேடிப் படிக்கிறேன். ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் ‘கன்ட்ரோலர்’ என்று எழுதி, இரண்டு அம்புக்குறி போட்டிருக்கும். மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்பெட் எது, எந்தக் கெப்பாசிட்டர், உள்ளே ஓடும் நிரல் எது என்று மட்டும் இருக்காது. பழுது பார்க்கிறவனுக்கு வேண்டியது அந்த விவரம்தான்.

காப்புரிமைக்காக மறைக்கிறோம் என்பீர்கள். 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். தேசியத் தரவரிசையிலும் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே விண்ணப்பங்கள் குவிகின்றன. அவற்றுள் ஒன்றாவது பொருளாகி என் கடை மேசைக்கு வந்ததில்லை. இன்னொருவன் உங்கள் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் பதிந்துவிடுவான் என்ற பயமிருந்தால், தேதியோடு முழு வரைபடத்தையும் வெளியிடுவதே தடுப்பு. ஏற்கெனவே பொதுவில் இருக்கும் ஒன்றைப் புதியதென்று உரிமை கோர முடியாது.

திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். காட்பாடியில் ரயிலேறினால் எட்டிவிடுகிற திருப்பதி மலையின் கதையே போதும். 2002இல் திருமலையின் அன்னதானச் சமையலுக்கு நீராவி தர 106 சூரியத் தட்டுகளை நிறுவினார்கள். வெயிலைத் திரட்டி ஓரிடத்தில் குவிக்கும் அந்தத் தட்டின் வடிவம் வொல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவருடையது. 1986இல் வட கென்யாவில் ஒரு மிஷன் நிலையத்தில் நன்றாக இயங்கும் முதல் தட்டை அமைத்தார். உள்ளூர்ப் பட்டறையில் சாதாரண இரும்பை வளைத்து, வெல்டிங் வைத்துச் செய்துகொள்ளும்படி வடிவமைத்து, காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். இந்தியாவில் அது பல ஊர்க் கூட்டுச் சமையலறைகளுக்குப் பரவியதற்கு அதுவே காரணம் என்பேன். இன்றும் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா பியர்ஸ் குழுவினர், பேனல் தாங்கும் மரச் சட்டத்தைக்கூட அளவு, பொருள், செலவு என்று பிரித்துப் பொதுவில் வைக்கிறார்கள். உரிமம் எழுத வக்கீல் தேட வேண்டியதில்லை. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2011இல் தொடங்கி 2020இல் திருத்திய திறந்த வன்பொருள் உரிமம் (கருவியின் வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யவும் மாற்றவும் அனுமதிப்பது) இருக்கிறது, எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

நமக்கென்று ஓர் ஆய்வுப் பொருளும் கைவசம் இருக்கிறது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய வட ஆர்க்காட்டில் பிரியாமல் நிற்பது வெயில் ஒன்றுதான். பேனலின் பின்னால் அச்சிட்டிருக்கும் வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நம் ஊரில் மே மாத நண்பகலில் அது 65 டிகிரியைத் தொடும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் என்று கழித்தால், ஏழில் ஒரு பங்கு மின்சாரம் அங்கேயே போயிற்று. கன்ட்ரோலருக்குள்ளும் கெப்பாசிட்டர்களின் ஆயுளைச் சூடுதான் தின்கிறது. எந்தப் பெட்டி எவ்வளவு சூட்டில் எத்தனை கோடை தாங்கியது என்று அளந்து பொதுவில் வைத்தால், பம்பு வாங்குகிற விவசாயி முதல் டெண்டர் எழுதுகிற அதிகாரி வரை பார்த்துக்கொள்வார்கள். இதற்கு வெளிநாட்டுக் கருவி வேண்டாம். ஒரு வெப்ப உணரி, ஆர்டுவினோ என்ற சிறு நிரல் பலகை ஒன்று, மொட்டைமாடியில் கொஞ்சம் இடம் போதும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இந்த ஆண்டு புராஜெக்ட் ஒதுக்கும்போது ஒரு நிபந்தனை சேருங்கள்: முழுச் சர்க்கியூட், உதிரிப் பாகப் பட்டியல், நிரல், தோற்றுப்போன சோதனைகளின் கணக்கு ஆகிய நான்கையும் பொதுவில் வைத்தால்தான் மதிப்பெண். பழுது பார்க்கும் குறிப்பு தமிழில் இருக்கட்டும். உதிரிப் பாகம் வேலூர் கடைத்தெருவில் கிடைப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. பீஞ்சமந்தை மலையில் புளி காயவைக்கிற பெண்களுக்கு உலர்த்தி செய்து தருகிற மாணவர், அதன் அளவுகளையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வரட்டும்.

என் கடை அலமாரியில் செத்துப்போன கன்ட்ரோலர்கள் நிறைய இருக்கின்றன; உரிமையாளர்கள் வேண்டாமென்று விட்டுச் சென்றவை. மாணவர்கள் ஞாயிறு தவிர எந்த நாளிலும் வந்து எடுத்துச் செல்லலாம். காசு வேண்டாம். எதனால் செத்தது என்று கண்டுபிடித்ததை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு மோட்டார் மெக்கானிக்