ஃபேன்டமை அணைத்துவிடாதீர்கள்

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில், ஆபத்துகளைத் தாண்டி உயிர்பிழைத்து ஆடும் சர்வைவல் சர்வர் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். புதிதாக எந்த சர்வரில் சேர்ந்தாலும் வரவேற்புப் பலகையிலேயே அந்த வரி இருக்கிறது: "இங்கே ஃபேன்டம் வராது." தூங்காத ஆட்டக்காரர் மேல் இரவு வானத்திலிருந்து பாய்ந்து தாக்கும் உயிரிதான் ஃபேன்டம். அது வராது என்பதைப் பெரிய சலுகை போல அறிவிக்கிறீர்கள், சேருகிறவர்களும் மகிழ்ந்துபோகிறார்கள். 2019 டிசம்பரில் வந்த 1.15 பதிப்பு முதல் ஃபேன்டம் வருவதை ஆளும் விதியை (அப்போது அதன் பெயர் டூஇன்சோம்னியா) ஒரே கட்டளையில் அணைத்துவிட முடிகிறது. தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் சொல்வதெல்லாம் கணினியில் ஆடும் ஜாவா பதிப்பைப் பற்றி.

இந்தப் பறவைப் பேயை யாரும் நம் மேல் திணிக்கவில்லை. 2017 நவம்பரில் நடந்த மைன்கான் எர்த் என்ற மைன்கிராஃப்ட் ரசிகர் நிகழ்ச்சியில் நான்கு உயிரிகளை முன்வைத்து வாக்கெடுப்பு நடந்தது. இரவு வானத்தின் அரக்கன் என்று அறிமுகமான இதற்கே வெற்றி. 2018 ஜூலையில் 1.13 பதிப்போடு வந்திறங்கியது. வந்த நாளிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறது.

திட்டுகிற பலரும் அது இயங்கும் விதத்தைக் கவனித்ததில்லை. மற்ற பகை உயிரிகள் இடத்தைப் பார்த்து வருகின்றன. இருட்டான தரை இருந்தால் ஜாம்பி வரும், கிரீப்பர் வரும். டார்ச் குத்திவிட்டால் வராது. 2021 இறுதியில் வந்த 1.18 பதிப்பு, விளக்கு வெளிச்சம் முழுப் பூஜ்யமாக இருக்கும் இடத்தில்தான் அவை தோன்றும் என்று மாற்றிவிட்டது. அதன் பிறகு ஒரு டார்ச்சே முன்னைவிடப் பெரிய பரப்பைக் காக்கிறது. இரண்டாவது வாரத்திலேயே ஊரைச் சுற்றி விளக்கு எரிகிறது, இரவுக்கு என்று தனி அச்சம் இல்லாமல் போகிறது. ஃபேன்டம் ஒன்றுதான் இடத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. நீங்கள் கடைசியாகப் படுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே அதற்குக் கணக்கு. ஆட்டத்தில் மூன்று நாள், அதாவது நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம், விழித்திருந்துவிட்டு இரவில் திறந்த வானத்தின் கீழ் நின்றால் அது வரலாம். நான்காம் நாள் முடிவில், ஆட்டம் அதை வரவழைக்கப் பார்க்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஐந்தாம் நாள் முடிவில் ஐந்தில் இரண்டு. தூக்கக் கடன் ஏற ஏறத் தொல்லையும் ஏறுகிறது. இவ்வளவு நேர்மையான கணக்கு இந்த ஆட்டத்தில் வேறு எதற்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பலர் சேர்ந்து ஆடும்போது இது என்ன செய்கிறது என்பதை எங்கள் சர்வரில் பார்த்தேன். நாங்கள் ஆறு பேர். எங்களில் ஒருவன் வைரம் தேடிப் பூமிக்கடியில் இறங்கினால் லேசில் மேலே வரமாட்டான். கீழே இருக்கும்வரை அவனுக்கு ஆபத்தில்லை, கூரையோ பாறையோ தலைக்கு மேல் இருந்தால் ஃபேன்டம் தோன்றாது. ஒரு நாள் நள்ளிரவில் பை நிறைய வைரத்தோடு ஊருக்குள் நடந்து வந்தான், அவன் தலைக்கு மேல் மூன்று ஃபேன்டங்கள் வட்டமிட்டன. கணக்கு அவனுடையதுதான். ஆனால் பாய்ந்தபோது பக்கத்தில் நின்ற எங்களையும் விடவில்லை. கூரை வேய்ந்துகொண்டிருந்த தங்கை அடிபட்டுக் கீழே விழுந்தாள். எல்லோரும் வில்லை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

அடுத்த நாள் யாரும் விதியை அணைக்கச் சொல்லவில்லை. சுரங்க வாசலில் ஒரு சத்திரம் கட்டினோம். ஆறு கட்டில், ஒரு அடுப்பு, பச்சை மீன் கொடுத்துப் பழக்கிய இரண்டு பூனைகள். பூனை இருக்கும் இடத்தை ஃபேன்டம் நெருங்காது. சுரங்கத்திலிருந்து வருகிறவர் அங்கே படுத்து எழுந்துதான் ஊருக்குள் வரவேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கமாயிற்று. பிறகு பாலைவனப் பாதையில் ஒரு சத்திரம், துறைமுகத்தில் ஒரு சத்திரம். எங்கள் உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடங்கள் அந்த மூன்றும்தான். ஃபேன்டம் இல்லாவிட்டால் அவற்றை யாரும் கட்டியிருக்கமாட்டோம்.

கட்டடம் கட்டுகிறவர்களின் குறை நியாயமானது. உயரச் சாரத்தில் திறந்த வெளியில் மணிக்கணக்காக நிற்பவர்கள் அவர்கள்தான், அடியும் அவர்களுக்குத்தான். "எல்லோரும் படுக்கும்வரை நான் காத்திருக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். காத்திருக்கத் தேவையே இல்லை. இரவைத் தாண்டத்தான் மற்றவர்களும் படுக்க வேண்டும். உங்கள் கணக்கு பூஜ்யமாக, நீங்கள் கட்டிலில் ஏறிப் படுத்தாலே போதும், உடனே எழுந்துவிடலாம். கோபுர உச்சியில் ஒரு கட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சர்வர் நடத்தும் நீங்கள் இந்த ஒரு தகவலை வரவேற்புப் பலகையில் எழுதி வைத்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும்.

பரிசு போதாது என்ற இன்னொரு புகாரையும் ஏற்கிறேன். ஃபேன்டம் சவ்வு நான்கு இருந்தால் தேய்ந்துபோன எலிட்ரா என்ற பறக்கும் சிறகை முழுதாகச் சரிசெய்யலாம், மெல்ல விழும் மருந்தும் காய்ச்சலாம். பொருள்களைத் தானாகவே சரிசெய்யும் மெண்டிங் மந்திரம் கைக்கு வந்தபின் சவ்வை யாரும் தேடுவதில்லை. அது வடிவமைத்தவர்கள் திருத்த வேண்டிய குறை. அதற்காக உயிரியையே ஒழிப்பது சரியில்லை.

கட்டி மகிழ்வதற்காகவே நடக்கும் சர்வர்களில் அணைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. சர்வைவல் என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் அடுத்த சீசனில் ஒரு மாதம் அந்த விதியைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். புதியவர்கள் முதலில் வந்திறங்கும் மைதானத்தில் நாலைந்து கட்டிலும் ஒரு பூனையும் வையுங்கள். மாத முடிவில் வாக்கெடுப்பு வைத்தால் நானும் வந்து என் வாக்கைப் போடுகிறேன்.

அன்புடன்,
சுரங்க வாசல் சத்திரத்திலிருந்து ஒரு ஆட்டக்காரர்