எப்படிப் போட்டாய் என்று கேள்

அன்பு மகளுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குத் தாள்களைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னதே காதில் நிற்கிறது. "எல்லாத் தாளிலும் சரியான விடையை எழுதித்தான்மா கொடுத்தேன். மறுபடியும் அதே தப்பு." நானும் பல வருஷம் அப்படித்தான் திருத்தினேன்.

ஒரு பையன் 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதியிருந்தான். கவனக்குறைவு என்று நினைத்து, அடித்துவிட்டு 14 என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பரீட்சையிலும் அதே கதை. பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்டே, சொல்லு" என்றேன். "எட்டுல ரெண்டு போனா ஆறு, அஞ்சுல மூணு போனா ரெண்டு." பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நான் சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கவனமாகத்தான் இருந்தான்! குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்தாக அவன் கையாலேயே எண்ணவைத்த பிறகுதான் கடன் வாங்குவது புரிந்தது.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்களா? திருத்தாதே. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையைவிடக் குறையுமா?" என்று மட்டும் கேள். அவர்களே தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று. முதல் நாள் மார்க் போடாமல் தாளைக் கொடு. எங்கே சறுக்கியது என்று ஒரு வரி மட்டும் எழுது. மார்க்கைப் பார்த்த பிள்ளை அதற்குமேல் ஒரு வரியும் படிக்காது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது: குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், குறிப்போடு மார்க்கும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். அதையும் வகுப்பு முன்னால் உரக்க வாசிக்காதே, கண்ணு.

திருத்தி எழுதிய உடனே கற்றுக்கொண்டதாக நம்பிவிடாதே. பத்து முறை இம்போசிஷன் எழுதுவதில் கைதான் வலிக்கும். ஒரு வாரம் கழித்து 61-இலிருந்து 27 என்று வேறு எண்களில் அதே வகைக் கணக்கைக் கொடுத்துப் பார். அப்போது சரியாக வந்தால்தான் அது பிள்ளைக்குச் சொந்தம்.

நாற்பது பேரிடமும் உட்கார நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். ஒரே மாதிரித் தப்பு செய்தவர்களின் தாள்களை ஒன்றாக அடுக்கு. பெரும்பாலும் நாலைந்து அடுக்குதான் தேறும். அடுக்குக்கு ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

தாளை மடித்துப் பைக்குள் திணித்துவிடுகிறாளே ஒரு பெண், நாளை அவளிடமிருந்து ஆரம்பி. ஒரே ஒரு கணக்கு. அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா